தானமும் பந்தியும்

சேரன்மகாதேவி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குக் கன்னடியன் கால்வாயின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறோம். சேர நாட்டு அரசன் ஒருவன் தீராத நோயில் வீழ்ந்தான். தன் உருவில் எள்ளால் ஒரு பொம்மை செய்து, அதனுள் பொன்னையும் மணியையும் நிறைத்துத் தானமாகக் கொடுத்தால், பெறுகிறவரிடம் நோய் போய்விடும் என்றனர் அறிந்தோர். பொன்னுக்கு ஆசைப்பட்டவர் பலர். நோய்க்கு அஞ்சி எவரும் முன்வரவில்லை. கன்னட நாட்டிலிருந்து வந்த பிரமசாரி ஒருவர் அதை ஏற்றார். தம் தவப்பயனில் ஒரு பங்கைக் கொடுத்து நோயைத் தீர்த்தார். ஆனால் கைக்கு வந்த பொன்னை என்ன செய்வது? அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. அம்பாசமுத்திரத்துக் கோயில் குருக்கள் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பொதிகை மலைக்கு அகத்தியரைத் தேடிப் போனார். திரும்பி வந்து கேட்டபோது குருக்கள் நீட்டிய முடிப்பில் பொன் இல்லை, துவரை இருந்தது. அந்த வஞ்சகம் வெளிப்பட்டு, குருக்கள் எரிந்து மாண்டு, பொன் மீண்டு, அந்தப் பொன்னாலேயே ஒரு பசுவின் தடத்தைப் பின்பற்றிக் கால்வாய் வெட்டப்பட்டது என்று கதை முடிகிறது.

கல்லிடைக்குறிச்சிக்கு அருகே தாமிரபரணியிலிருந்து பிரிந்து சேரன்மகாதேவி வழியாகச் செல்லும் அந்தக் கால்வாய், இன்றும் 12,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நனைக்கிறது. கரையில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை பொய்த்த ஆண்டில் அவர் மேனியில் மிளகை அரைத்துப் பூசி நீராட்டுவது ஊர் வழக்கம்.

இது தலபுராணம், வரலாறு அன்று. ஆயினும் அறக்கட்டளை, நிதியுதவி, மானியம் என்று இன்று நாம் பேசும் அனைத்தும் இந்தப் பழங்கதைக்குள் அடங்கிக் கிடப்பதைக் கண்டு பலமுறை வியந்திருக்கிறோம். கொடுப்பவன் தன் நோய் தீரக் கொடுக்கிறான். இடையில் பொறுப்பேற்றவர் பொன்னைத் துவரையாக்குகிறார். பெறுகிறவரோ, இந்தப் பொன்னோடு சேர்ந்து வந்த நோயை என்ன செய்வது என்று அறியாமல் மலையேறி நிற்கிறார். மூன்றாவது ஆளின் கவலைதான் நம்மை எப்போதும் உறுத்துவது. ஏனெனில் நாமும் பெறுகிற பக்கத்தில் இருப்பவர்கள். பொதுநிலையினர் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து, பேரூராட்சி எல்லையோரக் குடியிருப்பு ஒன்றில் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென மாலைப் படிப்பகம் நடத்தி வருகிறோம். நம் கையில் சொந்தப் பணம் என்று பெரிதாக ஏதுமில்லை. ஒவ்வோர் ஆண்டும் யாரிடமாவது கேட்டாக வேண்டும்.

கேட்கும்போதெல்லாம் இவ்வூரிலேயே நிகழ்ந்த வேறொரு நிதியுதவியின் கதை நினைவுக்கு வருகிறது. அது புராணமன்று. நூறாண்டுகளுக்கு முன் நடந்து, தமிழ்நாட்டின் அரசியலையே திசை திருப்பியது.

திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881-ஆம் ஆண்டு பிறந்த வ.வே.சு. ஐயர், பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்று, அங்கே புரட்சியாளர்களோடு சேர்ந்து, 1910-இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தமிழ்ச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவர். பெல்லாரிச் சிறையிலிருந்து வெளிவந்த பின், அடிமைக் கல்விக்கு மாற்றாக ஒரு தேசியப் பள்ளியை உருவாக்க வேண்டும் என்று உறுதி கொண்டார். அந்த வேட்கைதான் 1922-ஆம் ஆண்டின் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலமாகத் தொடங்கிப் பின் சேரன்மகாதேவியில் நிலைகொண்டது. தமிழும் கைத்தொழிலும் உடற்பயிற்சியும் கலைகளும் ஒருங்கே கற்பிக்கும் இடமாக அதை அவர் எண்ணினார். ‘பாலபாரதி’ என்னும் இதழையும் நடத்தினார்.

எண்ணம் பெரிது, ஆனால் பணம் இல்லை. ஐயர் ஊர் ஊராக அலைந்தார். செட்டிநாட்டு வணிகர்கள் கொடுத்தனர். கடல் கடந்து மலாயாவில் பிழைக்கப் போன தமிழர்களிடமிருந்தும் பணம் வந்தது. தமிழ்நாடு காங்கிரசுக் குழு 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 ரூபாயை வழங்கியது. அந்நாளில் அது எத்தகைய தொகை என்பதை முதியோர் அறிவர். கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் பிராமணரல்லாதார். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் எழுந்த சினத்துக்கு இதுவே காரணம்.

குருகுலத்தில் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தனர், ஒன்றாக உழைத்தனர், ஒன்றாகவே உண்டனர், இருவரைத் தவிர. அந்த இரண்டு பிராமணச் சிறுவர்களின் பெற்றோர், தம் பிள்ளைகளுக்குத் தனியே உணவளிக்க வேண்டும் என்று கேட்டிருந்தனர். ஐயர் அதற்கு இணங்கியிருந்தார். அவரோ சாதி பாராதவர். எல்லாரோடும் அமர்ந்து உண்பவர். ஆயினும் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்று அதை எண்ணினார். செய்தி வெளியே கசிந்தது. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தபோது பட்ட அவமதிப்பைத் தந்தையிடம் சொல்ல, அதிலிருந்துதான் எல்லாம் மூண்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

சேலத்து டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் இதை எழுப்பினார். அப்போது காங்கிரசில் முன்னணியில் இருந்த ஈ.வெ. இராமசாமி எழுப்பினார். எஞ்சிய 5,000 ரூபாயைத் தருவதில்லை என்று தாம் நின்றதாகவும், தமக்குத் தெரியாமலே அது பெறப்பட்டதாகவும் பெரியார் பின்னாளில் கூறிவந்தார். 1925-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வைக்கம் நோக்கி வந்த காந்தியடிகள் வரை இவ்வழக்கு சென்றது. இரு சிறுவர் வகையில் கொடுத்த வாக்கைக் காக்கலாம், இனிச் சேர்கிறவர்கள் யாராயினும் பொதுப் பந்தியிலேயே உண்ண வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. சமாதானப் பிரியர்களுக்கு இது நியாயமாகவே தோன்றும். நாயுடுவுக்கும் அவர் பக்கம் நின்றோருக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் இறுதியில் திருச்சியில் கூடிய காங்கிரசுக் குழுவில், தேசிய இயக்கத்தைச் சேர்ந்த நிறுவனங்களில் பிறப்பால் வேற்றுமை பாராட்டலாகாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. இராஜாஜி முதலானோர் குழுவிலிருந்து விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். ஜூன் மாதத் தொடக்கத்தில், குருகுல மாணவர்களோடு பாபநாசத்து மலையருவிக்குச் சென்றிருந்தபோது, நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்தார். அவரும் கரையேறவில்லை. 44 வயது. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதற்கான உடனடிக் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் என்றாலும், சேரன்மகாதேவியை எண்ணாமல் அந்த வெளியேற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இந்நிகழ்ச்சியைப் பேசுவோர் இன்றும் இரு பாசறைகளாகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு சாரார், நல்ல மனிதர் ஒருவரின் அரிய முயற்சியை அற்பக் காரணத்துக்காக அழித்தார்கள் என்பர். மற்றொரு சாரார், ஊரார் பணத்தில் சாதியை வளர்த்தார் என்பர். நமக்கு இரண்டும் ஒட்டவில்லை. ஐயரின் உள்ளத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் காரணம் அற்பமானதன்று. மலாயாவில் உழைத்தவன் அனுப்பிய வெள்ளிக்காசு, அவன் மகன் கூட உட்காரத் தகாதவன் என்று சொல்லும் ஓர் அடுப்புக்கு விறகானது. இதைக் கேட்கக் கொடுத்தவனுக்கு உரிமை இல்லையா? உண்டு. ‘கொடுத்தால் போதும், கணக்குக் கேட்காதே’ என்பதைப் பெருந்தன்மை என்று நாம் மயங்குகிறோம். சில வேளைகளில் அது பொறுப்பற்ற தன்மை. கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி பாதி கொடுத்த பின் எழுந்தது என்பதுதான் அங்கே நேர்ந்த அவலம். கேள்வி முன்னரே எழுந்திருந்தால், ஐயர் அந்த இரு பெற்றோரிடம் அன்றே மறுத்திருக்கக் கூடும். குருகுலமும் பிழைத்திருக்கக் கூடும். இது நம் ஊகம்தான்.

இரண்டே இரண்டு சிறுவர்கள் என்று அந்நாளில் வாதிட்டவர் உண்டு. எண்ணிக்கையில் இரண்டு சிறிது. ஆனால் பந்தியில் அமர்ந்த ஏனைய பிள்ளைகள் ஒவ்வொருவரும் அந்த இரண்டு காலி இடங்களைப் பார்த்துக்கொண்டே அல்லவா உண்டிருப்பார்கள்?

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது அயலார் கதை என்று ஒதுங்க வழியில்லை. அந்தியோக்கியாவில் நடந்ததைப் பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆள்கள் வந்தவுடன் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும், பர்னபாவும் கூட, விலகினர். பேதுருவின் உள்ளத்தில் வேற்றுமை இல்லை; வந்தவர்கள் மனம் நோகக்கூடாது என்ற தயக்கமே இருந்தது. பவுல் அவரை முகத்துக்கு முன்பாகவே எதிர்த்தார். திருச்சபையின் முதல் தலைவரை, எல்லார் முன்னிலையிலும், ஒரு சாப்பாட்டு விவகாரத்துக்காக! கொரிந்து நகரில் செல்வர்கள் முந்திக்கொண்டு உண்டு, இல்லாதவர்களைப் பசியோடு நாணச் செய்தபோதும் அவர் அதை ஆண்டவரின் விருந்து என்று ஏற்கவில்லை. நற்கருணைப் பீடத்தை அண்டி வாழும் நமக்குப் பந்தி என்பது பக்கத்து விவகாரமாக எப்படி ஆகும்?

அதே பவுல்தான் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டியவர். இன்றைய சொல்லில் சொன்னால், எல்லை கடந்த நிதியுதவித் திட்டம் ஒன்றை நடத்தியவர். அந்தப் பணத்தைத் தாம் மட்டும் கையாளவில்லை. தீத்துவையும், சபைகள் தேர்ந்தெடுத்த பிறரையும் உடன் அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் குறித்து எவரும் குறை கூற இடம் தரலாகாது என்று எண்ணினார். அம்பாசமுத்திரத்துக் குருக்களின் துவரை முடிப்பு அவருக்கும் தெரிந்தே இருந்தது போலும்!

நம் மாவட்டத்தின் தென்கோடிப் பக்கம் திரும்பினால் வடக்கன்குளம். 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இரு கைகளாகப் பிரிந்து பீடத்தில் சேரும்படி கட்டப்பட்டிருந்தது. வெள்ளாளர் ஒரு கையில், நாடார் உள்ளிட்ட பிறர் மறு கையில், நடுவே சுவர். ஒரே பலிபீடம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் காலத்தில், 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஆயர் மீது வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சுவர் இருந்தால் அமைதி, காணிக்கை, திருவிழாச் சிறப்பு எல்லாம் தடையின்றி நடந்திருக்கும். இடித்ததால் வந்த செலவு பெரிது. சேரன்மகாதேவிப் பூசலுக்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, அதே மாவட்டத்தில், நம்முடைய கூரையின் கீழே இது நடந்தது என்பதைப் பிறரைக் குறை சொல்லுமுன் நினைவில் கொள்வது நல்லது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையை 2016-இல் தான் வெளியிட்டது. கல்லறைத் தோட்டங்களில் சுவர்கள் எங்கெங்கே இன்னும் நிற்கின்றன என்பதை வாசகர்கள் நம்மைவிட நன்கு அறிவர்.

இனி நிதிக்கு வருவோம். கொடுப்போர் வகை இப்போது பெருகிவிட்டது. முன்னாளில் வெளிநாட்டுப் பிரபுக்கள் கொடுத்தனர். களக்காட்டுப் பக்கத்து டோனாவூர், ஜெர்மானியப் பிரபு டோனா 1820-களில் அளித்த நன்கொடையால் எழுந்து அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஊருக்கே தம் பெயரைச் சூட்டும்படி கொடுக்க எல்லாராலும் முடியாது. ஆனால் மின்விசிறி இறக்கையில் பெயர் எழுதிக் கொடுப்போர் நம் ஆலயங்களில் ஏராளம். விசிறி சுழலும்போது பெயர் தெரிவதில்லை என்பது வேறு செய்தி. பின்னர் ஐரோப்பியத் திருச்சபைகளின் அமைப்புகள் வந்தன. ஜெர்மனி ஆயர்கள் 1958-இல் தொடங்கிய மிசரேயோர் தவக்கால உண்டியலில் பிறந்தது. அந்நாட்டு எளிய மக்கள் ஒரு வேளை உணவைக் குறைத்து இட்ட காசு நம் ஊர்க் கிணறுகளாயிற்று. ஃபோர்டு அறக்கட்டளை 1952-இலேயே தில்லியில் அலுவலகம் திறந்தது. அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளைகள் தம் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை ஆண்டுதோறும் அறப்பணிக்குக் கொடுத்தாக வேண்டும்; எஞ்சிய 95 வளர்ந்துகொண்டிருக்கும்.

நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010-இல் புதிதாக்கப்பட்டு, 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. நிர்வாகச் செலவு 50 விழுக்காடு வரை என்றிருந்தது 20 ஆயிற்று. ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்து தருவது அடியோடு தடுக்கப்பட்டது. நம்மைப் போன்ற சின்னஞ்சிறு குழுக்களுக்கு வந்த அடி இதுதான். பெரிய அமைப்புகள் வாங்கி, சிறியவற்றுக்கு வாய்க்காலாகப் பிரித்துவிடும் வழக்கம் அன்றோடு அடைபட்டது. ஆறு இருக்கிறது, மடை இல்லை. மறுபக்கம், 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பணம் நிறையத்தான் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை இருக்கும் இடத்தைச் சுற்றியே அது பெரும்பாலும் பாய விரும்புகிறது. பீடி சுற்றும் தெருவுக்கு அருகே தொழிற்சாலை ஏது? ஒவ்வொரு வீட்டுத் திண்ணையும் அல்லவா தொழிற்சாலை!

பீடித் தெருவைப் பற்றி இரண்டு சொற்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை இட்டு, சுருட்டி, நூல் கட்டும் பெண்களுக்கு 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி விட்டு வரும் பிள்ளை கட்டுக் கட்டினால் தாய்க்கு ஒரு மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நம் படிப்பகம் அவர்களிடமிருந்து கேட்கிறது. இவர்களின் நலனுக்கென 1976-இல் ஏற்படுத்திய தீர்வை, 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டுவிட்டது. ஆக, தனியார் கொடையின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறக்கட்டளை நமக்கு உதவ முன்வந்தது. பெயர் வேண்டாம். வந்து பார்த்த அலுவலர் இளைஞர், கனிவானவர், பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஓராண்டுச் செலவு முழுவதையும் ஏற்கலாம், ஆசிரியைகளுக்கு மாதந்தோறும் முறையான ஊதியம் தரலாம் என்றார். பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் குறைவாக இருக்கிறது என்றார். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று அவரே விசாரித்தும் வந்தார். மாலை ஐந்தரைக்கு நாம் சுண்டல் கொடுப்பது வழக்கம். எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பானையிலிருந்து வாங்கி உண்பார்கள். அந்தத் தெருவில் சில பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. படிக்க அனுப்பத் தடையில்லை. உட்கார்ந்து உண்பதுதான் தடை. எனவே அவர் ஒரு யோசனை சொன்னார். சுண்டலைப் பொட்டலமாகக் கட்டி, வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்துவிடுங்கள். யார் மனமும் நோகாது. பதினைந்து பிள்ளைகளாவது கூடுதலாக வருவார்கள். எண்ணிக்கை கூடினால் தொகையும் கூடும்.

அவர் சொன்னதில் தீய எண்ணம் ஒரு துளியும் இல்லை. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வோம்.

நம் குழு இரு முறை கூடியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பொட்டலத்தை ஆதரித்தார். ‘பசித்த பிள்ளைக்குப் பொட்டலத்தில் இருந்தாலும் சுண்டல்தான். பதினைந்து பிள்ளைகள் எழுத்தறியாமல் போவதற்கு நம் பிடிவாதம் காரணமாகலாமா? முதலில் வரட்டும், கூடிப் படித்தால் நாளை கூடி உண்பார்கள்’ என்றார். எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று அது. காந்தியடிகள் சொன்ன வழியும் ஏறக்குறைய இதுதானே! எதிர்த்துப் பேசியவர் பீடி சுற்றும் தாய் ஒருவர். அவருடைய இரு பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அவர் அதிகம் பேசவில்லை. ‘பொட்டலம் எதுக்குன்னு எம் பிள்ளை கேட்டா, நான் என்ன ஐயா சொல்ல?’ என்று மட்டும் கேட்டார். அதற்கு அறையில் இருந்த எவரிடமும் விடை இல்லை.

மறுத்துவிட்டோம். சுண்டல் வரிசையிலேயே தொடரும் என்றும், வரிசையில் அமர இசையும் எந்தத் தெருப் பிள்ளையையும் வரவேற்போம் என்றும் எழுதினோம். பணிவான பதில் ஒன்று வந்தது. நிதி வேறோர் ஊருக்குப் போயிற்று. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. அவர்கள் பணம், அவர்கள் கணக்கு. அந்த ஆண்டு படிப்பகம் வாரத்துக்கு ஆறு நாள் நடந்தது மூன்று நாளாகச் சுருங்கியது. நன்றாகக் கற்பித்த ஆசிரியை ஒருவர் திருநெல்வேலியில் துணிக்கடை வேலைக்குப் போனார். பத்தாம் வகுப்பில் இருவர் கணிதத்தில் தவறினர். ஆறு நாளும் நடந்திருந்தால் தேறியிருப்பார்களோ என்னவோ. பக்கத்துத் தெருவிலிருந்து பதினைந்து பேர் வரவில்லை. தன் தம்பியையும் இழுத்துக்கொண்டு ஒரே ஒரு சிறுமி வந்தாள். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளா என்று நாம் கேட்கவில்லை. வரிசையில் எங்கே இடம் இருந்ததோ அங்கே உட்கார்ந்தாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார். நாம் எடுத்த முடிவு பொருந்தாது என்று இன்னும் சொல்கிறார். சொல்லிவிட்டு, சுண்டல் பானையை அவரே தூக்கி வருகிறார்.

மறுப்பது எளிது என்று எவரும் எண்ண வேண்டாம். ஏழைகளுக்கான பணத்தைக் கொள்கைக்காக மறுக்கும்போது, விலையைக் கொடுப்பது கொள்கை பேசுகிறவர் அன்று. பெரும்பாலும் அந்த ஏழைகளே. அதனால்தான் அந்தத் தாயின் கேள்வி நமக்கு இன்றியமையாததாயிற்று. அவர் இல்லாத கூட்டத்தில் நாமே முடிவெடுத்திருந்தால் அது எவ்வளவு உயர்ந்த முடிவாக இருந்தாலும் நமக்கு உரிமையற்றது. இப்போது குழுவில் பாதி இடங்கள் பெற்றோருக்கு. கணக்கை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் முன்னிலையில் வாசிக்கிறோம். கடலைக்கும் சுண்ணாம்புக்கட்டிக்கும் ஆன செலவைக் கேட்டுத் தலையசைக்கிறார்கள். சில வேளை, கடலை அந்தக் கடையில் விலை குறைவு என்று திருத்தவும் செய்கிறார்கள்.

வேறொரு சிறு அறக்கட்டளையின் உதவியால் இப்போது வாரத்துக்கு ஐந்து நாள் நடக்கிறது. ஆண்டு இறுதியில் அவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். படிவம் நீண்டது: பயனடைந்தோர் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, வயது வாரியாக, வருகை விழுக்காடு, தேர்ச்சி விழுக்காடு, ஒரு பிள்ளைக்கு ஆன செலவு. யார் யாரோடு அமர்ந்து உண்டார்கள் என்று கேட்கும் கட்டம் மட்டும் எதிலும் இல்லை. கடைசியில் ‘பிற விவரங்கள்’ என்று ஒரு சிறு கட்டம் இருந்தது. இவ்வாண்டு அதில், பிள்ளைகள் அனைவரும் நாள்தோறும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறார்கள் என்று எழுதி அனுப்பினோம். ரசீது வந்தது. அந்த வரியைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை.